முகத்தின் நிறத்துக்கு ஒரு மென்பொருள், வெளிச்சத்துக்கு இன்னொன்று

சென்னையில் கல்யாணப் படம் எடிட் செய்கிற யாரிடமும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். படங்களை மொத்தமாகத் திருத்தும் லைட்ரூமில் மணப்பெண்ணின் முகம் சரியாக இருந்தது. போட்டோஷாப்பில் கொஞ்சம் காண்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு) ஏற்றியதும் ஆரஞ்சு அடித்தது. ஆரஞ்சைக் குறைத்தால் முகம் சாம்பல் பூத்தது. அதையும் சரிக்கட்டி அனுப்பினால் ஆல்பம் கருத்துப்போய் வந்தது. இதில் எந்த மென்பொருளும் தப்புச் செய்யவில்லை. ஒரே வேலையை மூன்று இடத்தில் மூன்று விதமாகச் செய்ததால் வந்த வினை.

நாங்கள் வேலையைப் பிரித்துக்கொள்வது இப்படி. தோல் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு மஞ்சள், எவ்வளவு அடர்த்தி என்கிற நிற வேலை, கேமரா பதிவுசெய்த மூலத் தரவான ரா ஃபைலிலேயே, கேப்சர் ஒன் என்ற மென்பொருளில் முடிந்துவிட வேண்டும். முகத்தில் வெளிச்சம் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்கிற டோன் வேலை போட்டோஷாப்புக்கு. எல்லாப் படங்களையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வைத்து வெளியே அனுப்புவது லைட்ரூமுக்கு. கேப்சர் ஒன் இல்லாதவர்கள் முதல் வேலையையும் லைட்ரூமிலேயே செய்யலாம், தடையில்லை. ஆனால் ஒரு கட்டத்தில் முடித்ததை அடுத்த கட்டத்தில் மறுபடி கிளறக் கூடாது. தோலின் சிவப்பு போதவில்லை என்று போட்டோஷாப்பில் தெரிந்தால், ரா ஃபைலுக்குத் திரும்பிப் போய் அங்கே மாற்றிக்கொண்டு வருவதே நல்லது. சோம்பல்பட்டு மேலே ஒரு லேயர் (திருத்த அடுக்கு) போட்டால் அது இரண்டாகும், மூன்றாகும்.

காண்ட்ராஸ்ட் ஏறினால் ஆரஞ்சு ஏன் அடிக்கிறது

மாநிறத் தோலில் கன்னத்தின் நடுவெளிச்சப் பகுதியை அளந்து பாருங்கள். எஸ்ஆர்ஜிபி என்கிற வழக்கமான வண்ணவெளியில் (நிறங்களை எண்ணாகக் குறிக்கும் அளவுமுறை; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) சிவப்பு 165, பச்சை 110, நீலம் 80 என்பதை ஒட்டி இருக்கும். காண்ட்ராஸ்ட் ஏற்றப் போடும் எஸ் வடிவக் கர்வ் (வெளிச்ச அளவை மாற்றும் வளைகோடு) நடு அளவான 128க்கு மேலே இருப்பதை ஏற்றும், கீழே இருப்பதை இறக்கும். இங்கே மேலே இருப்பது சிவப்பு மட்டும்தான். அது 178க்கு ஏறும்போது பச்சை 103க்கும் நீலம் 64க்கும் இறங்குகிறது. சாச்சுரேஷன், அதாவது நிற அடர்த்தி, 52 சதவீதத்திலிருந்து 64க்குத் தாவிவிட்டது. நிறச் சக்கரத்தில் நிறத்தின் கோணம் (ஹியூ) கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அடர்த்தி மட்டும் எகிறியிருக்கிறது. நம் கண் அதைத்தான் ஆரஞ்சு என்கிறது.

வெளிர்த் தோலில் இந்தச் சிக்கல் வராது. 225, 185, 165 என்று மூன்று சேனலும் (சிவப்பு, பச்சை, நீலம்) நடுவுக்கு மேலேயே இருப்பதால் மூன்றும் சேர்ந்து ஏறும், சாச்சுரேஷன் கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். ஐரோப்பிய, அமெரிக்கப் பயிற்சி வீடியோக்களில் எஸ் கர்வ் போட்டதும் முகம் அழகாவதற்கும், அதே கர்வை மயிலாப்பூர் கல்யாணத்தில் போட்டால் முகம் வெந்துபோவதற்கும் காரணம் இதுதான். அங்கிருந்து வாங்கும் பிரீசெட் எனும் தயார் அமைப்புகளிலும் இதே கதை. ஆரஞ்சு லூமினன்ஸ் (வெளிச்சம்) +20, +30 என்றும் ஆரஞ்சு சாச்சுரேஷன் −15 என்றும் வைத்திருப்பார்கள். வெளிர்த் தோல் அதில் மினுங்கும். நம் தோலில் பழுப்பு போய்ச் சாம்பல் தங்கும்.

ஆகவே காண்ட்ராஸ்ட் ஏற்றுகிற கர்வ் எதுவானாலும் அது வெளிச்சத்தை மட்டும் தொட வேண்டும். கேப்சர் ஒன்னில் கர்வ் கருவிக்குள் ஆர்ஜிபிக்குப் பக்கத்தில் லூமா என்ற தாவல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். போட்டோஷாப்பில் கர்வ்ஸ் லேயரின் பிளெண்ட் மோடை (கீழுள்ள படத்தோடு கலக்கும் விதம்) லூமினாசிட்டிக்கு மாற்றுங்கள். லைட்ரூமில் டோன் கர்வின் அடியில் ரிஃபைன் சாச்சுரேஷன் ஸ்லைடர் உண்டு. அதை இறக்கினால் கர்வ் கொண்டுவரும் கூடுதல் அடர்த்தி குறையும். லூமாவில் போட்ட கர்வ் முதல் பார்வைக்குச் சப்பென்றுதான் தெரியும். ஆரஞ்சுக்குப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றும். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் பட்டுப்புடவை, நகை, தோல் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பது தெரியும்.

மானிட்டரைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. கேலிப்ரேட் செய்யாத (கருவி வைத்து நிறத்தைச் சரிபார்க்காத) திரையில் கீழே வரும் எண்கள் எதுவும் உதவாது. வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, பிரகாசம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா. ஆல்பம் வேலை மட்டும் என்றால் 80 முதல் 100 போதும். கடையில் வாங்கி அப்படியே வைத்த மானிட்டர் பெரும்பாலும் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எரியும். ஆல்பம் கருத்து வருகிறது என்கிற புகாரில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

ரா கட்டம்: மண்டப வெளிச்சமும் ஒயிட் பேலன்ஸும்

விளக்கின் நிறச் சாய்வை நீக்கி வெள்ளையை வெள்ளையாக்கும் ஒயிட் பேலன்ஸை ரா ஃபைலிலேயே முடிக்க வேண்டும். டிஃப் (TIFF) படக் கோப்பாக மாறிய பிறகு கெல்வின் எண் கிடையாது. லைட்ரூமிலும் போட்டோஷாப்பின் கேமரா ரா ஃபில்டரிலும் அந்த ஸ்லைடர் −100 முதல் +100 வரை ஒரு தோராய அளவாகிவிடும். மஞ்சளில் ஊறிப்போன படத்தை அங்கே மீட்பது கடினம்.

முகூர்த்த நேரத்து மண்டபத்தில் குறைந்தது மூன்று வெளிச்சம் இருக்கும். மேடைக்கு மேலே மஞ்சள் எல்இடி, வீடியோகாரர் பிடிக்கும் வெள்ளை எல்இடி பேனல், ஆறு மணிக்கு மேல் சன்னல் வழியே நீல வெளிச்சம். ஒயிட் பேலன்ஸை அளக்க உதவும் சாம்பல் அட்டையான கிரே கார்டைக் கையில் பிடித்து எங்கோ நின்று எடுப்பதில் பயனில்லை. முகம் இருக்கும் இடத்தில், முகம் பார்க்கும் திசையில் பிடிக்க வேண்டும். மணமேடை, ஊஞ்சல், வாசல், பந்தி என்று இடம் மாறும்போதெல்லாம் ஒரு தடவை. 24 கட்டம் கொண்ட கலர் செக்கர் என்ற நிற அட்டை இருந்தால் இன்னும் நல்லது. அதன் முதல் இரண்டு கட்டங்களே கருந்தோலும் வெளிர்த்தோலும்தான். ஒரு சங்கதி: அதை வைத்துச் செய்யும் கேமரா நிறக் குறிப்பான புரொஃபைலில் லைட்ரூம் கேட்பது டிசிபி வகை, கேப்சர் ஒன் கேட்பது ஐசிசி வகை. ஒன்றுக்குச் செய்ததை மற்றதில் போட முடியாது.

வெளிச்சமே மட்டமாக இருந்தால் எந்த மென்பொருளும் கைகொடுக்காது. மலிவான எல்இடிகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு; விளக்கின் தரத்தைச் சொல்லும் ஆர்9 என்ற அளவு அதைத்தான் குறிக்கிறது. பழுப்புத் தோலின் உயிர் அந்தச் சிவப்பில் இருக்கிறது. கிரே கார்டு சாம்பலாக அளந்து காட்டும், முகம் மட்டும் செத்திருக்கும். அங்கே ஒயிட் பேலன்ஸைத் திருகத் திருகச் சுவர்தான் சிவக்கும். ஃபிளாஷ் அடிப்பது ஒன்றே வழி. மேடையின் மஞ்சளோடு ஒத்துப்போக ஃபிளாஷில் சிடிஓ எனும் ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்டலாம். முழு ஜெல் 5500 கெல்வினை ஏறத்தாழ 2900க்கு இறக்கும். ரிசப்ஷன் மேடையில் சுழலும் ஊதா, நீல விளக்குகள் முகத்தில் நேராக விழுந்த படங்களில் நீலச் சேனல் வெடித்துப்போயிருக்கும். அவற்றோடு மல்லுக்கட்டாமல் கருப்பு வெள்ளையாக்குவதே மரியாதை.

வெளிப்புறப் படங்களில் எதிரொளி வேறு விதமாகப் படுத்தும். செம்மொழிப் பூங்காவில் புல்லும் மரமும் தாடைக்குக் கீழே பச்சை ஏற்றும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் சிவப்புக் கட்டடத்தை ஒட்டி நிற்க வைத்தால் ஒரு கன்னம் மட்டும் சிவக்கும். எலியட்ஸ் கடற்கரையில் காலையில் சூரியன் கடலிலிருந்து நேராக முகத்தில் விழும். நெற்றியில் சிவப்புச் சேனல்தான் முதலில் 255ஐத் தொடும். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விட, கடல் பக்கம் பார்க்கும் முகத்தில் கீழ்வானத்து நீலம் படியும். இவை எல்லாவற்றையும் ரா கட்டத்திலேயே லேயர் அல்லது மாஸ்க் (திருத்தம் விழும் இடத்தை வரையறுக்கும் மறைப்பு) போட்டு, நிழல் பக்கத்துக்கு மட்டும் டெம்பும் (நீலம்–மஞ்சள்) டிண்டும் (பச்சை–மெஜெண்டா) மாற்றிச் சரிசெய்யுங்கள். பச்சைக்கு டிண்டை மெஜெண்டா பக்கம் 8 முதல் 15 வரை நகர்த்தினால் பெரும்பாலும் போதும்.

ஏசி காரிலிருந்து இறங்கி நேராகக் கேமராவை எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். சென்னை ஈரப்பதத்தில் அது தெளிய இருபது நிமிடம்கூட ஆகலாம். அப்போது எடுத்த படங்களின் கருப்பு வெளுத்திருக்கும். மங்கலை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை இழுத்தால் அது சாச்சுரேஷனையும் சேர்த்து ஏற்றித் தோலைக் கறுக்க வைக்கும். லூமா கர்வின் கருப்பு முனையை மட்டும் உள்ளே தள்ளுங்கள்.

ஸ்கின் டோன் தாவல்

மூன்று மென்பொருள் வைத்துக்கொள்வதே இந்த ஒரு கருவிக்காகத்தான் என்றாலும் தப்பில்லை. கேப்சர் ஒன்னின் கலர் எடிட்டரில் ஸ்கின் டோன் என்ற தாவல். தோலில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினால், அதைச் சுற்றியுள்ள நிறங்களை எல்லாம் அந்த ஒரு நிறத்தை நோக்கி இழுக்கும். ஹியூ, சாச்சுரேஷன், லைட்னஸ் மூன்றுக்கும் தனித்தனி யூனிஃபார்மிட்டி (சீராக்கும்) ஸ்லைடர். லைட்ரூமில் 2023இல் வந்த பாயிண்ட் கலர் இதற்கு அக்கம்பக்கம் வருகிறது. அதில் பிறகு சேர்ந்த வேரியன்ஸ் ஸ்லைடர் இதே வேலையைச் செய்யப் பார்க்கிறது. ஆனால் மூன்றையும் பிரித்து ஆளும் வசதி கேப்சர் ஒன்னில்தான்.

எங்கே தொடுகிறோம் என்பதில்தான் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. பளபளக்கும் நெற்றியிலோ நிழல் விழுந்த தாடையிலோ தொடக் கூடாது. ஆண்களுக்குக் கன்னத்தின் பக்கவாட்டில், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடம். மணப்பெண்ணுக்கு முகத்தைத் தொடவே வேண்டாம். ஃபவுண்டேஷனின் நிறத்தைத்தான் அது எடுக்கும். நம் ஊர் மேக்கப்பில் முகம் கழுத்தைவிட ஒன்றிரண்டு ஷேடு வெளுத்திருப்பது வழக்கம். கழுத்தெலும்புக்குப் பக்கத்தில், நகையின் பொன்னொளி விழாத இடமாகப் பார்த்துத் தொடுங்கள். கழுத்தை முகத்தோடு சேர்க்காமல், முகத்தைக் கழுத்தோடு சேர்க்க வேண்டும். கைகளும் காதும் அந்த நிறத்தில்தான் இருக்கின்றன என்பதால் வேலையும் பாதி.

தொடக்க அளவுகள்: ஹியூ யூனிஃபார்மிட்டி 30 முதல் 50, சாச்சுரேஷன் 15 முதல் 25, லைட்னஸ் அதிகபட்சம் 10. லைட்னஸை மேலே கொண்டுபோனால் மூக்கின் எடுப்பும் கன்னத்தின் வளைவும் மழுங்கி முகம் பொம்மையாகிவிடும். டோன் வேலை போட்டோஷாப்பில் இருக்கிறது, இங்கே அவசரம் வேண்டாம்.

இதைப் பின்னணி லேயரில் செய்யாமல் தனி லேயரில், முகம், கழுத்து, கை மட்டும் மாஸ்க் போட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் தேக்குக் கதவு, குத்துவிளக்கு, சந்தன நிறப் பட்டு எல்லாம் தோல் என்று எண்ணி இழுத்துக்கொள்ளும். மாப்பிள்ளைக்கு ஒரு லேயர், பெண்ணுக்கு ஒரு லேயர். இருவரையும் ஒரே மாஸ்க்கில் போட்டால் இருவர் தோலும் ஒரே நிறமாகிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் குற்றம் தெரியாது. அவர்களை வளர்த்த குடும்பத்தார் பார்த்தவுடன் ஏதோ சரியில்லை என்பார்கள். நலங்குப் படங்களில் கன்னத்து மஞ்சளை மாஸ்க்கிலிருந்து அழித்துவிட வேண்டும். நெற்றிக் குங்குமம், விபூதி, சந்தனம், உதடு இவற்றுக்கும் அப்படியே.

அளந்து பார்க்க ஒரு வழி: எச்எஸ்பி (ஹியூ, சாச்சுரேஷன், பிரகாசம்) அளவில் ஹியூ 18 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் மாநிறம், கருநிறம், வெளிர்பழுப்பு எல்லாத் தோலும் இயல்பாகத் தெரியும். நிறம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் பிரகாசத்தில்தான். ஹியூவில் மிகக் குறைவு. 14க்குக் கீழே போனால் வெயிலில் வெந்தது போலவும், 28க்கு மேலே போனால் காமாலை போலவும் இருக்கும். இந்த எண்கள் எஸ்ஆர்ஜிபிக்கு உரியவை. ஃபைல் புரோஃபோட்டோ என்ற பெரிய வண்ணவெளியில் இருந்தால் அதே முகம் வேறு எண் காட்டும். அந்தக் குழப்பம் வேண்டாம் என்பவர்கள் போட்டோஷாப்பின் இன்ஃபோ பேனலில் அச்சு மைகளின் அளவைச் சொல்லும் சிஎம்ஒய்கேயைப் பார்க்கலாம். ஃபைல் எந்த வண்ணவெளியில் இருந்தாலும் அது பெரிதாக மாறாது. மெஜெண்டாவைவிட மஞ்சள் 10, 15 கூடுதலாகவும், சயான் மெஜெண்டாவில் பாதியை ஒட்டியும் இருக்க வேண்டும். கருநிறத்தில் சயான் பாதியைத் தாண்டும், கருப்பும் சேரும், அது சரிதான். நிறம் அளக்கும் ஐட்ராப்பரின் சாம்பிள் அளவை 5×5 பிக்சலுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

கைமாற்றும் இடம்

மென்பொருளிலிருந்து மென்பொருளுக்குப் போகும் அந்த ஒரு நிமிடத்தில் போகும் நிறம்தான் அதிகம். கேப்சர் ஒன்னில் செய்த மாற்றம் எதையும் லைட்ரூமோ போட்டோஷாப்போ ரா ஃபைலிலிருந்து படிக்காது. நட்சத்திரக் குறியீடு போன்றவை மட்டும் போகும். ஆகவே 16 பிட் டிஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். சாம்பல் பேப்பர் பின்னணியிலும் கன்னத்தின் மெல்லிய இறக்கத்திலும் பட்டை பட்டையாகக் கோடு விழும். 8 பிட்டும் புரோஃபோட்டோவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வண்ணவெளி எது என்பதில் எங்கள் முடிவு அடோபி ஆர்ஜிபி. புரோஃபோட்டோ பெரியது, ஆனால் முகத்துக்கு அவ்வளவு பெரிய வெளி தேவையில்லை. பட்டின் சிவப்புக்குக்கூட அடோபி ஆர்ஜிபி பெரும்பாலும் தாங்கும். எதை எடுத்தாலும் மூன்றிலும் அதுவே இருக்கட்டும். போட்டோஷாப்பில் கண்ட்ரோல்–ஷிஃப்ட்–கே அழுத்தி, உள்ளே வரும் புரொஃபைலை (படத்தின் வண்ணவெளியைச் சொல்லும் குறிப்பு) அப்படியே வைத்துக்கொள்ளும்படி அமையுங்கள். புரொஃபைல் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் கன்வர்ட் சரி, அசைன் தவறு. கன்வர்ட் எண்களை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். அசைன் எண்களை விட்டு நிறத்தை மாற்றிவிடும்.

கேப்சர் ஒன்னின் ஏற்றுமதி ரெசிபியில் (ஃபைலை வெளியே எடுக்கும் அமைப்பு) ஷார்ப்பனிங்கை நிறுத்திவிடுங்கள். கூர்மை இரண்டு தடவை ஏறினால் ரோமக்கால்களைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழும், அதன்மேல் வெளிச்சம் ஏற்றும் டாட்ஜ் பிரஷ் போனால் புள்ளி புள்ளியாகத் தெரியும். 24 மெகாபிக்சல் படம் 16 பிட்டில் சுமார் 144 எம்பி, 45 மெகாபிக்சல் 270 எம்பி. லேயர்கள் சேர்ந்தால் ஒரு ஜிபியைத் தொடும். கல்யாணத்தின் எல்லாப் படங்களையும் இந்த வழியில் ஓட்டுவது வீண் செலவு. ஆல்பத்தின் பெரிய படங்களுக்கும் ஃபிரேம் போடும் படங்களுக்கும் மட்டும் போதும். மற்றவற்றுக்கு ரா கட்டமே முடிவு.

போட்டோஷாப்பில் வெளிச்சம் மட்டும்

முதலில் மேலே ஒரு சரிபார்ப்பு லேயர்: நடுச்சாம்பல் நிற சாலிட் கலர், பிளெண்ட் மோடு கலர். படம் கருப்பு வெள்ளையாகத் தெரியும், ஃபைல் மாறாது. நிறம் கண்ணைத் திசைதிருப்பாததால் கண்ணடியின் இருட்டும் கன்னத்தின் திட்டுகளும் பளிச்சென்று தெரியும். டோன் வேலை முழுக்க இதைப் போட்டுக்கொண்டே செய்யலாம், அவ்வப்போது அணைத்துப் பாருங்கள். சேமிக்கும் முன் அணைக்க மறந்தால் கருப்பு வெள்ளையில் ஆல்பம் போய்விடும்.

டாட்ஜ் (வெளிச்சம் ஏற்றுதல்), பர்ன் (இறக்குதல்) இரண்டுக்கும் இரண்டு கர்வ்ஸ் லேயர். ஒன்றில் 128ஐ 145க்கு ஏற்றுங்கள், மற்றதில் 110க்கு இறக்குங்கள். மாஸ்க்கைக் கருப்பாக்கி, மென்மையான வெள்ளைப் பிரஷ்ஷால், ஃபுளோ (பிரஷ்ஷின் அழுத்தம்) 2 முதல் 4 சதவீதத்தில் மெதுவாகத் தடவ வேண்டும். படத்தை 50 சதவீத அளவில் வைத்து வேலை செய்யுங்கள். 200 சதவீதத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு ரோமக்காலும் குற்றமாகத் தெரியும், இரண்டு மணி நேரத்தில் பிளாஸ்டிக் முகம் தயார். பர்ன் செய்த இடம் தானாகவே அடர்த்தி ஏறும். லூமினாசிட்டி மோடுக்கு மாற்றினாலும் இங்கே பெரிய வித்தியாசம் வராது. பர்ன் லேயருக்கு மேலே ஒரு ஹியூ சாச்சுரேஷன் லேயரைக் கிளிப் செய்து (அந்த லேயரை மட்டும் பாதிக்கும்படி இணைத்து) சாச்சுரேஷனை −8 முதல் −12 வரை இறக்கினால் நிழல் நிழலாகவே இருக்கும். டாட்ஜுக்கு எதிர்த்திசையில் +5 போதும்.

‘கொஞ்சம் கலரா காட்டுங்க’ என்ற கோரிக்கை வராத கல்யாணம் இல்லை. முழு முகத்தையும் வெளுக்க வைக்காமல், கன்ன மேடு, மூக்குத்தண்டு, நெற்றி நடு, மேலுதட்டுக்கு மேலே ஆகிய இடங்களில் மட்டும் டாட்ஜ் செய்து பாருங்கள். முகத்தில் வெளிச்சம் விழுந்த உணர்வு வரும், தோலின் நிறம் அவருடையதாகவே இருக்கும். கேட்டவர்களும் பெரும்பாலும் திருப்தியாகிவிடுகிறார்கள். அவர்கள் கேட்டது வெளிச்சத்தைத்தான் என்று நினைக்கிறோம்.

வியர்வைப் பளபளப்பு இந்த ஊரின் நிரந்தரத் தொல்லை. ஹைலைட் ஸ்லைடரை இறக்கினால் அது சாம்பல் திட்டாகும். காரணம், அந்த இடத்தில் வெளிச்சம் மட்டும் இருக்கிறது, நிறம் இல்லை. இல்லாத நிறத்தைக் கீழே இறக்கி வரவழைக்க முடியாது. புதிய காலி லேயர், மோடு டார்க்கன், பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து 10 முதல் 15 சதவீத ஒபாசிட்டியில் தடவுங்கள். பளபளப்பு முழுக்கப் போகக் கூடாது, பாதியில் நிறுத்த வேண்டும். மூக்குத்திக் கல்லின் மின்னல் 255இல் வெடித்திருந்தால் அப்படியே விடுங்கள், அது அழகு.

தோலின் துளைகளையும் நிறத்தையும் தனித்தனி லேயராகப் பிரிக்கும் ஃபிரீக்வென்சி செபரேஷன் பற்றி எல்லாரும் கேட்பதால்: 16 பிட்டில் அப்ளை இமேஜ் செய்யும்போது இன்வெர்ட் டிக், மோடு ஆட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. 8 பிட்டில் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. இரண்டையும் மாற்றிப் போட்டால் படம் சாம்பலாகத் திரியும். மேல் லேயர் லீனியர் லைட். பிளர் அளவு தோலின் துளைகள் மறையும் இடத்தில் நிற்க வேண்டும். அது முகம் ஃபிரேமில் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது. மேக்கப் திட்டுத் திட்டாக வடிந்த முகங்களுக்கு இது உதவும். மற்றபடி டாட்ஜ் பர்ன் இருக்கும்போது இதன் தேவை குறைவு, கை தவறினால் சேதம் அதிகம்.

அரக்குப் பட்டின் எதிரொளி கழுத்தடியில் சிவப்பாக நின்றுவிட்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் நிற வேலையை இங்கே அனுமதிக்கிறோம். காலி லேயர், மோடு கலர், பக்கத்துத் தோல் நிறம், ஒபாசிட்டி 20 முதல் 40. ரா கட்டத்தில் மாஸ்க் போட முடியாத அளவு நகைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் இடம் அது.

திரும்ப லைட்ரூமுக்கு

டிஃப் லைட்ரூமுக்கு வந்த பின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஷிஃப்ட்–ஆர் அழுத்தினால் ரெஃபரன்ஸ் வியூ வரும். அந்தக் கல்யாணத்தின் மிகச் சரியான ஒரு முகத்தை இடப்பக்கம் நிறுத்தி, மற்றவற்றை அதோடு ஒப்பிடுங்கள். டெம்ப் ±3, எக்ஸ்போஷர் ±0.15 என்ற அளவுக்கு மேல் தேவைப்பட்டால் எங்கோ முந்தைய கட்டத்தில் பிழை இருக்கிறது. அந்த டிஃபை மறுபடி போட்டோஷாப்பில் திறக்கும்போது எடிட் ஒரிஜினல் என்பதையே தேர்ந்தெடுங்கள். லைட்ரூம் மாற்றங்களோடு நகலெடு என்பதைத் தொட்டால் லேயர்கள் எல்லாம் ஒன்றாக அமுங்கிவிடும்.

எஸ் விசையை அழுத்தினால் சாஃப்ட் புரூஃப், அதாவது அச்சில் எப்படி வரும் என்ற முன்னோட்டம். பிரிண்ட் லேப் தன் ஐசிசி புரொஃபைலைக் கொடுத்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் எஸ்ஆர்ஜிபி. அரக்கு, குங்குமச் சிவப்பு, மயில் கழுத்து நிறப் பட்டுகள்தான் முதலில் அந்த நிற எல்லைக்கு வெளியே விழும். ஜரிகை இழைகள் கரைந்து ஒரே சிவப்புக் களிம்பாகத் தெரிந்தால் எக்ஸ்போஷரைத் தொடாமல், பாயிண்ட் கலரில் புடவையின் சிவப்பை மட்டும் எடுத்துச் சாச்சுரேஷனை 10, 15 இறக்குங்கள். நிறவாரியாகத் திருத்தும் எச்எஸ்எல் பகுதியின் ரெட் ஸ்லைடரை இழுத்தால் உதடும் கன்னமும் சேர்ந்து வெளுக்கும்.

12×36 அங்குல ஆல்பம் தாள் 300 டிபிஐயில் 10800×3600 பிக்சல். எஸ்ஆர்ஜிபி, 8 பிட் ஜேபெக். முதல் தடவை ஒரு லேபுக்கு அனுப்பும்போது பல நிற முகங்களை ஒரே தாளில் அடுக்கி ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், முடிந்தால் எழுத்தில். கருநிற முகம் உள்ள தாளை இயந்திரம் குறைந்த வெளிச்சம் என்று எண்ணி ஏற்றிவிட்டால், அதுவரை பட்ட பாடு அத்தனையும் போச்சு.

காசு கொடுக்காமல் செய்ய

இதே பிரிவினை இலவச மென்பொருளிலும் நடக்கும். ரா வேலைக்கு டார்க்டேபிள், டோன் வேலைக்கு கிம்ப். டார்க்டேபிளில் கலர் கேலிப்ரேஷன் மாட்யூலில் ஒயிட் பேலன்ஸ்; சிக்மாய்டில் பிரிசர்வ் ஹியூவை 100க்கு வைத்தால் ஹைலைட்டில் தோல் மஞ்சளாகத் திரிவது அடங்கும்; கலர் ஈக்வலைசரில் ஆரஞ்சுப் பகுதியை மட்டும் நகர்த்தலாம். ஸ்கின் டோன் தாவலுக்கு ஈடானது அங்கே இல்லை, அந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது. 16 பிட் டிஃப் ஆக்கி கிம்ப்புக்குக் கொண்டுபோங்கள். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 முதல் ஃபில்டர்களைப் பிறகு திருத்தும் வசதி வந்துவிட்டது, கர்வ்ஸையும் அப்படிப் போடலாம். ஃபிரீக்வென்சி செபரேஷனுக்கு அதிலேயே வேவ்லெட் டீகம்போஸ் உண்டு. அஃபினிட்டியும் 2025 அக்டோபர் முதல் இலவசம். போட்டோஷாப்புக்குப் பழகிய கைக்கு கிம்ப்பைவிட அதுவே சுலபமாக இருக்கும்.

கடைசியாகப் படம் போய்ச் சேரும் இடம் வாட்ஸ்அப். அடோபி ஆர்ஜிபி ஃபைலை அப்படியே அனுப்பினால், புரொஃபைலை மதிக்காத இடங்களில் முகம் வெளிறித் தெரியும். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, நீளப்பக்கம் 2048 பிக்சலாக்கி, ஷார்ப்பன் ஃபார் ஸ்கிரீன் போட்டு, போட்டோவாக அல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். குடும்பத்தார் ஒப்புதலுக்குப் பார்க்கும்போது போன் திரை விவிட் மோடில் இருந்தால் நேச்சுரலுக்கு மாற்றச் சொல்லுங்கள். இரவு மஞ்சள் வடிப்பானும் அணைந்திருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு முகம் மஞ்சளாக இருக்கிறது என்று செய்தி வந்தால், ஃபைலைத் திறக்கும் முன் அந்த வடிப்பானைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.